பழைய படகின் மரைகள்: எது என்ன மரை என்று கண்டுபிடிப்பதும் மாற்றுவதும்

நட்டு விரலால் நாலைந்து சுற்று ஏறவில்லை என்றால் அது அந்த போல்ட்டின் ஜோடி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பழைய படகுகளில் நான் பார்த்த பாழான மரைகளில் நிறைய உப்பும் துருவும் தின்றவை அல்ல. "கொஞ்சம் இறுக்கமா இருக்கு, ஸ்பேனர் போட்டா போயிடும்" என்று யாரோ நினைத்ததால் பாழானவை. கிட்டத்தட்ட ஒரே பருமனுள்ள எந்த நட்டும் எந்த போல்ட்டிலும் ஒன்றரைச் சுற்று ஏறிவிடும், காரணம் மரைக்கும் மரைக்கும் நடுவே கொஞ்சம் இடம் விட்டுத்தான் செய்திருப்பார்கள். அந்த இடம் தீர்ந்ததும் நட்டு பிடிக்கும். அங்கே கை நிற்க வேண்டும், ஸ்பேனர் அல்ல.

என் கைக்கு வந்த ஒரு பாய்மரப் படகில், தளத்தின் ஓரத்தில் நிற்கும் கம்பித் தூண் ஒன்றைச் சும்மா பிடித்து இழுத்தேன், அடித்தட்டோடு கையில் வந்துவிட்டது. நான்கு போல்ட்டில் மூன்று 5/16 அங்குலம், நட்டுகள் எல்லாம் எம் 8, அதாவது 8 மி.மீ. மெட்ரிக். யாரோ ஸ்பேனரால் ஏற்றியிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் புதுசு, பளபளப்பு. அந்தத் தூணை நம்பி ஒருவர் சாய்ந்திருந்தால் கடலில்தான் விழுந்திருப்பார். அதற்குப் பிறகுதான் ஒரு படகு வந்தால் முதலில் மரைகளைப் படித்துவிட்டு மற்ற வேலையைத் தொடுவது என்று வைத்துக்கொண்டேன்.

பழைய படகில் ஒரே வகை மரை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். உடலைக் கட்டியது ஒரு நாடு, இன்ஜின் இன்னொரு நாடு, பாய்மரத்தின் சாமான்கள் மூன்றாவது இடம், அப்புறம் வரிசையாக வந்த உரிமையாளர்கள் கைக்குக் கிடைத்ததைப் போட்டிருப்பார்கள். ஒரு படகில் நான்கு குடும்ப மரைகள் இருப்பது சாதாரணம்.

குடும்பங்கள்

மூத்தது விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் 1841இல் முன்வைத்தது. மரையின் கோணம் 55 பாகை, உச்சியும் அடியும் உருண்டையாக இருக்கும். இதில் பருமரை, அதாவது பல் பெரிதாக இடைவெளி விட்டு வருவது, பி.எஸ்.டபிள்யூ.; நுண்மரை, அதாவது பல் சின்னதாக நெருங்கி வருவது, பி.எஸ்.எஃப். இரண்டாவது அமெரிக்க வழி: 1864இல் வில்லியம் செல்லர்ஸ் முன்வைத்த 60 பாகைக் கோணம், தட்டையான உச்சி. அதிலிருந்து வளர்ந்து, பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றும் 1940களின் கடைசியில் ஒத்துக்கொண்டதுதான் யூனிஃபைட் மரை, பருமரை யு.என்.சி., நுண்மரை யு.என்.எஃப். மூன்றாவது மெட்ரிக், இதுவும் 60 பாகை. நான்காவது பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்), 47.5 பாகைக் கோணமுள்ள சின்னத் திருகுகள்; பழைய கருவிகள், சுவிட்ச் பலகைகள், திசைகாட்டிப் பெட்டி மாதிரி இடங்களில் ஒளிந்திருக்கும்.

எண்கள் கொஞ்சம் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை மரை என்பதுதான் அங்குலக் குடும்பங்களின் கணக்கு. கால் அங்குலத்தில், அதாவது இரண்டு நூல் போல்ட்டில், பி.எஸ்.டபிள்யூ. 20, யு.என்.சி.யும் 20, பி.எஸ்.எஃப். 26, யு.என்.எஃப். 28. 5/16இல் பருமரை இரண்டுக்கும் 18, நுண்மரையில் பி.எஸ்.எஃப். 22, யு.என்.எஃப். 24. 3/8இல், அதாவது மூன்று நூலில், பருமரை இரண்டுக்கும் 16, நுண்மரையில் பி.எஸ்.எஃப். 20, யு.என்.எஃப். 24. அரை அங்குலத்தில்தான் பருமரைகளே பிரிகின்றன: பி.எஸ்.டபிள்யூ. 12, யு.என்.சி. 13. நுண்மரையில் பி.எஸ்.எஃப். 16, யு.என்.எஃப். 20. மெட்ரிக்கில் கணக்கு வேறு, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் சொல்வார்கள், அதுதான் பிட்ச்: எம் 5க்கு 0.8, எம் 6க்கு 1.0, எம் 8க்கு 1.25, எம் 10க்கு 1.5, எம் 12க்கு 1.75. மெட்ரிக்கிலும் நுண்மரை உண்டு, எம் 8இல் 1.0 பிட்ச், எம் 10இல் 1.25 மாதிரி, இன்ஜின் பக்கம் அடிக்கடி எதிர்ப்படும்.

அளப்பது

வெர்னியர் காலிப்பர் ஒன்று, பிட்ச் கேஜ், அதாவது மரையில் வைத்துப் பார்க்கும் பல் வெட்டிய இலைகளின் கட்டு, ஒன்று. கேஜ் வாங்கும்போது 55 பாகைக்கும் 60 பாகைக்கும் தனித்தனி இலைகள் உள்ளதைப் பாருங்கள். மெட்ரிக் மட்டும் உள்ள கேஜை வைத்துக்கொண்டு பழைய படகுக்குப் போவது வீண். இவை இரண்டையும் விட எனக்கு அதிகம் உதவுவது ஒரு டப்பா. உறுதியாக இன்ன மரை என்று தெரிந்த புது போல்ட், நட்டு ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி, ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய துணி நாடா. சந்தேகம் வந்தால் டப்பாவிலிருந்து எடுத்து, பழைய போல்ட்டின் மரைமேல் புது போல்ட்டின் மரையைப் பக்கவாட்டில் பொருத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றென்றால் பல்லோடு பல் உட்கார்ந்து வெளிச்சம் தெரியாது. வேறென்றால் நாலாவது ஐந்தாவது பல்லில் மினுக்கென்று ஒளி வரும்.

அளக்கும் முன் சுத்தம். பித்தளை பிரஷ், கொஞ்சம் வினிகர், பழைய சீலண்டைச் சுரண்ட ஒரு மரக்குச்சி. அழுக்கோடு அளந்தால் அழுக்கைத்தான் அளப்பீர்கள்.

பருமனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெரும்பாலும் இங்கேதான் தப்பு நடக்கிறது. போல்ட்டின் உண்மைப் பருமன் எப்போதும் பெயரிலுள்ள அளவைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். புது எம் 8 ஒன்று 7.85 காட்டலாம். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., அதுவும் தேய்மானத்தோடு 7.8 காட்டும். ஆக பருமன் இரண்டையும் பிரிக்காது, பிட்ச்தான் பிரிக்கும். 5/16 பருமரையின் பிட்ச் 1.41 மி.மீ., எம் 8க்கு 1.25. ஒரு மரையை அளந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது, பத்து மரையை அளங்கள்: ஒன்று 14.1 மி.மீ., மற்றது 12.5. கேஜ் இல்லாவிட்டாலும் இந்தப் பத்து மரை வழி போதும். எண்ணும்போது முதல் உச்சியைப் பூஜ்யம் என்று தொடங்குங்கள், ஒன்று என்று தொடங்கினால் ஒரு மரை குறையும்.

உள்மரை, அதாவது ஓட்டைக்குள் இருக்கும் மரை, கொஞ்சம் தொல்லை. டப்பாவிலுள்ள போல்ட்டுகளை விரலால் போட்டுப் பார்ப்பது முதல் வழி. முடியாவிட்டால் மென்மரக் குச்சி ஒன்றை ஓட்டைக்குள் விட்டு ஒரு பக்கச் சுவரோடு அழுத்தி எடுங்கள், மரையின் தடம் குச்சியில் பதிந்திருக்கும், அதை அளந்துகொள்ளலாம். ஆழமான ஓட்டை என்றால் உள்ளே மெழுகோ கிரீஸோ தடவி, எபாக்ஸி புட்டியைத் திணித்து, இறுகியதும் சுழற்றி எடுத்தால் அச்சு கிடைக்கும்.

இப்போது பொறிகள். எனக்கு ரொம்பக் கவலை தருவது சின்ன அளவில் உள்ள மூன்று பேர்: எம் 5, அமெரிக்க 10-32 (எண் 10 பருமன், அங்குலத்துக்கு 32 மரை), பிரிட்டிஷ் 2 பி.ஏ. பருமன் வரிசையாக 5.0, 4.83, 4.7 மி.மீ.; பிட்ச் 0.8, 0.79, 0.81. பிட்ச் கிட்டத்தட்ட ஒன்றே. 2 பி.ஏ. திருகு எம் 5 நட்டுக்குள் அழகாக ஏறும், விரலாலேயே ஏறும், மேலே நான் சொன்ன விரல் சோதனையை ஏமாற்றும். கொஞ்சம் லொடலொடவென்று ஆடும், அவ்வளவுதான் அடையாளம். இறுக்கினால் மரையின் உச்சி மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும், சுமை வந்ததும் உரிந்துவிடும். ஆகவே விரல் சோதனைக்கு இன்னொரு பாதி உண்டு: ஏறிய பிறகு பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆட்டம் அதிகம் என்றால் அதுவும் ஜோடி இல்லை. இதே மாதிரி 0 பி.ஏ.யும் எம் 6ம்: இரண்டுக்கும் பருமன் 6.0, பிட்ச் 1.0, எண்களில் ஒரு வேறுபாடும் இல்லை, கோணம் மட்டும் 47.5, 60 என்று வேறு. கேஜின் இலையை வைத்துப் பல்லின் சரிவைப் பார்த்தால்தான் தெரியும்.

1/4, 5/16, 3/8 பருமரைகளில் பி.எஸ்.டபிள்யூ., யு.என்.சி. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று போகும், ஏனென்றால் எண்ணிக்கை ஒன்று, கோணம்தான் வேறு. அலமாரிக் கதவின் கொண்டி மாதிரி பாரமில்லாத இடத்தில் இது பரவாயில்லை. உயிரோ பாய்மரமோ தொங்கும் இடத்தில் வேண்டாம். அரை அங்குலத்தில் 12க்கும் 13க்கும் சமரசமே இல்லை, இரண்டு சுற்றில் கடிக்கும்.

பழைய பித்தளை விளக்கு, சன்னல் வளையம், காற்றுக்குழாய் மூடி ஆகியவற்றின் மெல்லிய சுவரில் வெட்டிய மரை எந்த அட்டவணையிலும் சேரவில்லை என்றால் 26ஐ முயன்று பாருங்கள். பித்தளை மரை என்றே ஒரு வகை, 55 பாகை, பருமன் எதுவானாலும் அங்குலத்துக்கு 26 மரை.

ஸ்பேனரும் ஒரு துப்பு. விட்வொர்த் ஸ்பேனரில் எழுதியிருப்பது போல்ட்டின் பருமன், தலையின் அகலம் அல்ல; 1/4 என்று எழுதிய ஸ்பேனரின் வாய் 13.3 மி.மீ. இருக்கும். யூனிஃபைட் 1/4 போல்ட்டுக்கு 7/16 அங்குல வாய், 5/16க்கு 1/2, 3/8க்கு 9/16. மெட்ரிக்கில் எம் 6க்கு 10, எம் 8க்கு 13. தலையின் மேல் 8.8 மாதிரி எண்ணோ ஏ 4-70 என்றோ இருந்தால் மெட்ரிக். நடுவிலிருந்து விரியும் மூன்று அல்லது ஆறு கோடுகள் இருந்தால் அமெரிக்க அங்குலம். ஆனால் தலை துப்பு மட்டும்தான், தீர்ப்பு எப்போதும் மரையிடம்.

இடது மரை

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளை இறுக்கும் டர்ன்பக்கிளில் ஒரு முனை வலது மரை, மறுமுனை இடது மரை. தெரியாமல் பலம் காட்டினால் திறப்பதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போவீர்கள். போல்ட்டை நட்டமாகப் பிடியுங்கள். முன்னால் தெரியும் மரை வலப்பக்கம் ஏறினால் வலது மரை, இடப்பக்கம் ஏறினால் இடது மரை. டர்ன்பக்கிள்களில் பெரும்பாலும் யு.என்.எஃப். இருக்கும், சிலவற்றில் மெட்ரிக். இந்த ஒரு சாமானில் மட்டும் நான் ரிப்பேரை ஒத்துக்கொள்வதில்லை. மரை கடித்திருந்தாலோ, முதல் மரை உடலுக்குள் நுழையும் இடத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, வளைந்திருந்தாலோ முழு டர்ன்பக்கிளும் புதுசு. டை (வெளிமரை வெட்டும் கருவி) ஓட்டிச் சரிசெய்த மரையில் பாய்மரத்தை நிறுத்தாதீர்கள். கழற்றும் முன் அந்தப் பக்கத்துக்குத் தற்காலிகக் கயிறு கட்டி இறுக்கிவிடுங்கள்.

தண்ணீர்க்கோட்டுக்குக் கீழே

கடல்நீர் வால்வும் அது உட்காரும், உடலைத் துளைத்து வரும் துளைக்குழாயும் குழாய் மரையில் இருக்கும், இங்கே பெயரும் அளவும் சம்பந்தமே இல்லாதவை. அரை அங்குல பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் மரை) மரையின் வெளிப் பருமன் 20.96 மி.மீ.; முக்கால் 26.44, ஓரங்குலம் 33.25, ஒன்றரை அங்குலம் 47.8. வெர்னியரில் 33 வந்தால் ஓரங்குலக் குழாய் மரை என்று படிக்க வேண்டும்.

பி.எஸ்.பி. 55 பாகை, அமெரிக்க என்.பி.டி. 60 பாகை. அரை அங்குலத்திலும் முக்கால் அங்குலத்திலும் இரண்டுக்கும் 14 மரை, ஆகவே ஒன்றுக்குள் ஒன்று போய்விடும், டெஃப்லான் டேப் சுற்றினால் நிற்கவும் செய்யும், ஆனால் பல்லின் சரிவு பொருந்தாது, கசிவுக்கு வழி இருந்துகொண்டே இருக்கும். ஓரங்குலம் முதல் இரண்டு அங்குலம் வரை பி.எஸ்.பி. 11, என்.பி.டி. 11.5. அரை மரை வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, கேஜ் வைத்தால் ஐந்தாவது பல் ஏறி உட்காரும்.

இன்னொரு விஷயம் நேர் மரையும் சரிவு மரையும். சரிவு மரை 16க்கு 1 என்ற கணக்கில் ஒடுங்கும், 16 மி.மீ. நீளத்தில் பருமன் 1 மி.மீ. குறையும். நுனியிலும் அடியிலும் வெர்னியர் வைத்தால் தெரிந்துவிடும். உடலைத் துளைத்து வரும் குழாயில் நட்டு கடைசிவரை போக வேண்டும் என்பதால் நேர் மரை இருக்கும். அதன் தலையில் சரிவு உள்மரை கொண்ட வால்வைப் போட்டால் மூன்று நான்கு சுற்றிலேயே இறுகி நின்றுவிடும். இறுகியது போலத் தெரியும், பிடிப்பு கொஞ்சம்தான். மேலே வால்வின் கைப்பிடியை யாராவது மிதித்தால் அந்த மூன்று மரைதான் கடலுக்கும் படகுக்கும் நடுவே. ஆகவே வால்வையும் துளைக்குழாயையும் ஒரே மரை வகையில், சேர்ந்தே வாங்குங்கள், ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள்.

பொருளையும் பாருங்கள். சாதாரணப் பித்தளையில் துத்தநாகம் நிறைய, கடல்நீர் அதை மெல்லத் தின்றுவிடும், மிஞ்சுவது பஞ்சு மாதிரியான செம்பு. கத்தி நுனியால் மரையின் ஓரத்தைச் சுரண்டுங்கள். மஞ்சளாக மின்னினால் உயிர் இருக்கிறது. இளஞ்சிவப்பாக, பொடிப்பொடியாக வந்தால் அதை இறுக்கவும் வேண்டாம் தட்டவும் வேண்டாம், படகைத் தண்ணீரிலிருந்து எடுக்கும்வரை தொடாதீர்கள். புதிதாகப் போடுவது வெண்கலமாகவோ, துத்தநாக இழப்பைத் தாங்கும் சிறப்புப் பித்தளையாகவோ இருக்கட்டும். இந்த வேலை முழுக்கப் படகு கரையில் இருக்கும்போதுதான், அதில் விதிவிலக்கு கிடையாது. வால்வு உடைந்தால் அடைக்க, அந்தந்தத் துளைக்குப் பொருந்தும் கூம்பு மரக்கட்டை ஒன்றை ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் கயிற்றால் கட்டி வையுங்கள்.

கழற்றுவது

பொறுமைக்கு மாற்று இல்லை. முதல் நாள் மாலை ஊடுருவும் எண்ணெய் விடுங்கள், மறுநாள் காலை இன்னொரு தடவை, அப்புறம்தான் கருவி. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் அசிட்டோனும் சமபாகம் கலந்தது நன்றாக வேலை செய்கிறது, ஆனால் பெயின்ட்டைத் தின்னும், எளிதில் தீப்பிடிக்கும், சூடு காட்டும் இடத்தில் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

திருகின் பள்ளத்தைக் கூரான ஊசியால் முழுக்கச் சுத்தம் செய்து, பள்ளத்தை நிரப்பும் அகலமுள்ள ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். முதலில் மயிரளவு இறுக்கப் பாருங்கள், பிடிப்பு உடைவது பல நேரம் இந்தத் திசையில்தான். அப்புறம் திறப்பது. இம்பாக்ட் டிரைவரைச் சுத்தியால் தட்டுவது அலுமினியப் பாய்மரத்தில் சிக்கிய ஸ்டெயின்லெஸ் திருகுகளுக்கு நல்ல மருந்து. அங்கே இரண்டு உலோகமும் உப்பும் சேர்ந்து அலுமினியம் வெள்ளைப் பொடியாகி, அந்தப் பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடித்து மரையைப் பூட்டிவிடும். ஃபைபர் தளத்தில் டார்ச் காட்டாதீர்கள். பெரிய சால்டரிங் அயர்னின் நுனியைத் திருகின் தலையில் ஐந்து பத்து நிமிடம் வைத்தால் சூடு திருகுக்குள் மட்டும் இறங்கி, பழைய சீலண்டை இளக்கிவிடும். எரிபொருள், கேஸ் பக்கத்தில் எந்தச் சூடும் வேண்டாம்.

தலை உடைந்துவிட்டால் நடுவில் பஞ்ச் வைத்து இடது சுற்று டிரில்லால் துளையுங்கள், பல நேரம் துளைக்கும்போதே மிச்சம் சுழன்று வெளியே வரும். துளைக்குள் இறுக்கி மிச்சத்தைச் சுழற்றி எடுக்கும் கூம்பு எக்ஸ்ட்ராக்டரை நான் கடைசியாகத்தான் எடுப்பேன், அது கெட்டி எஃகு, உள்ளே ஒடிந்தால் சாதாரண டிரில் அதைத் தொடாது.

மாற்றுவது

டேப் என்றால் இங்கே நாடா அல்ல, உள்மரைக்கான கருவி. மரை முழுசாகப் போகாமல் கசங்கியிருந்தால் புதுப்பிக்கும் டேப் போதும். வெட்டும் டேப் இருக்கிற உலோகத்தையும் கொண்டுபோகும், புதுப்பிக்கும் டேப் கசங்கியதை நிமிர்த்தும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, ஊதிச் சுத்தம், மறுபடி. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய், ஸ்டெயின்லெஸ்ஸுக்குக் கட்டிங் ஆயில். ஸ்டெயின்லெஸ்ஸில் மெதுவாக ஆனால் அழுத்தம் விடாமல், தேய்த்துக்கொண்டே நின்றால் அந்த இடம் கெட்டியாகி எதையும் உள்ளே விடாது.

பழைய வெண்கலச் சாமான் நன்றாக இருந்து போல்ட் மட்டும் போயிருந்தால், தயவுசெய்து ஓட்டையைத் துளைக்காதீர்கள். விட்வொர்த் டேப், டை இன்றும் கிடைக்கின்றன, லேத் வைத்திருப்பவர் யாரும் அதே மரையில் போல்ட் செய்து தருவார். அந்த வார்ப்பை இன்னொரு தடவை யாரும் வார்க்கப் போவதில்லை, போல்ட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் செய்யலாம்.

உள்மரை நிஜமாகவே உரிந்துவிட்டால் அடுத்த அளவுக்குப் போகலாம், இதில் ஒரு வசதியான பொருத்தம் உண்டு. கால் அங்குல மரையின் வெளிப் பருமன் 6.35. எம் 8 வெட்ட 6.8 டிரில் போட வேண்டும், ஆக பழைய மரை சுத்தமாக அழிந்து புது மரைக்கு முழு உலோகம் கிடைக்கும். அதே மாதிரி 5/16, அதாவது 7.94, எம் 10க்குப் போகும், டிரில் 8.5. 3/8, அதாவது 9.53, எம் 12க்குப் போகும், டிரில் 10.2. இதற்கு நேர்மாறாக எம் 6 ஓட்டையில் கால் அங்குலம் வெட்டப் பார்த்தால் டிரில் 5.1, பழைய மரையின் தடம் 6.0 வரை இருக்கும், இரண்டு மரையும் குறுக்கும் நெடுக்குமாகி எதுவும் பிடிக்காது. பெரிதாக்கும் முன் ஓட்டையைச் சுற்றி எவ்வளவு உலோகம் மிஞ்சும் என்று பாருங்கள், ஓரத்துக்கு ரொம்பப் பக்கம் போய்விட்டால் இன்சர்ட்தான், அதாவது ஓட்டைக்குள் பொருத்தும் புது உள்மரைதான் வழி. கம்பிச் சுருள் இன்சர்ட் அலுமினியத்தில் அருமையாக நிற்கும், ஆனால் அது ஸ்டெயின்லெஸ், ஆகவே உள்ளே போகும்போதே அரிப்புத் தடுப்புப் பசை தடவி அனுப்புங்கள். மரை பிடிக்கும் ஆழம் எஃகில் போல்ட்டின் பருமன் அளவாவது வேண்டும், அலுமினியத்தில் ஒன்றரை இரண்டு மடங்கு. வெறும் ஃபைபரில் மரை வெட்டி எதையும் தொங்கவிடாதீர்கள். ஊடுருவும் போல்ட், கீழே தட்டு, நட்டு.

மெட்ரிக்குக்கு மாறுவதாக முடிவு செய்தால் ஒரு சாமானின் எல்லா போல்ட்டும் எல்லா நட்டும் ஒன்றாக மாற வேண்டும். மூன்று பழசு ஒன்று புதுசு என்று விட்டுவைத்தால், நான் பார்த்த கம்பித் தூண் மாதிரி இன்னொன்று உருவாகும். ஊடுருவும் ஓட்டையில் 5/16க்குப் பதில் எம் 8 பெரும்பாலும் அப்படியே போகும். 3/8க்குப் பதில் எம் 10 என்றால் ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும். கால் அங்குலத்துக்குப் பதில் எம் 6 போட்டால் லேசாக ஆடும், மெலிவும் கூட, பாரம் தாங்கும் இடத்தில் வேண்டாம். பதிதலைத் திருகில் இன்னொரு கண்ணி: அமெரிக்கத் தலையின் கோணம் 82 பாகை, மெட்ரிக் 90. 82 பாகைக் குழியில் 90 பாகைத் தலை மேல் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும், கீழே வெற்றிடம், அங்கே தண்ணீர் தங்கும். குழியையும் 90க்கு வெட்டிவிடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் வாங்கும்போது ஏ 4, அதாவது 316 வகை. ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் பவர் டிரில்லால் ஓட்டாதீர்கள். சூடாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். கையால், மெதுவாக, பசை தடவி. தளத்தில் போடும்போது போல்ட்டின் தலையை மேலே ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, கீழே நட்டை மட்டும் சுழற்றுங்கள், இல்லையென்றால் தலையைச் சுற்றிப் போட்ட சீலண்ட் கிழிந்துவிடும். தளத்தின் நடுவே மரமோ நுரையோ இருந்தால் ஓட்டையைப் பெரிதாகத் துளைத்து எபாக்ஸி ஊற்றி, இறுகியதும் சரியான அளவில் மறுபடி துளைத்தால் உள்ளே நீர் போகாது.

இறுக்கி முடிந்ததும் நட்டின் மேலும் தட்டின் மேலும் சேர்த்து ஒரு பெயின்ட் கோடு போடுங்கள். பக்கத்து அலமாரியின் உள்பக்கத்தில் அழியாத மையால் எழுதுங்கள்: "இந்தத் தூண்கள் நான்கும் எம் 8, 1.25". அதே போல்ட் ஒன்று, நட்டு ஒன்று, சின்ன உறையில் போட்டு அங்கேயே தொங்கட்டும். நாலைந்து தடவை கடலுக்குப் போய்வந்த பிறகு விளக்கோடு கீழே இறங்கிக் கோடுகளைப் பாருங்கள். எந்தக் கோடு விலகியிருக்கிறதோ அதை மறுபடி இறுக்கிவிட்டுப் போகாமல், முதலில் கழற்றி மரையைப் பாருங்கள்.